மின்னல் பாத்தி

நிறுத்தும் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்துவிட்டு, கஸ்பார் வரப்பிலிருந்து பாத்திக்குள் குதித்தான்.

“ஏல, குதிக்காதல! மின்னல் இன்னும் அடங்கல!”

கத்தியது யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடங்கவில்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. பாத்தியின் நடுவே, தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் படுத்திருந்த இரும்புச் சட்டத்தில், ஊசி முனைகளிலிருந்து ஊதா நூல்கள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீர். அவன் கால் வைத்த இடமெல்லாம் அது ஆடை கட்டி, இறுகி, மிதியில் மளுக்கென்று உடைந்தது. கணுக்காலை என்னவோ தட்டிக்கொண்டே இருந்தது. தட்டுகிறது என்று தெரிந்தது. வலிக்கிறதா என்றால், அது தெரியவில்லை.

சட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுகரை ஒதுக்கத்துக்குப் போனான். வாரி அடுக்கியிருந்த உப்புப் பலகைகளுக்குப் பின்னால் கித்தேரி இருந்தாள்.

முழங்கால் மடங்கி, ஒருக்களித்து, தலையை வரப்பில் சாய்த்திருந்தாள். கம்பெனி கொடுத்த வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, சுற்றிலும் வெள்ளை உப்பு. எது ஆள், எது உப்பளம் என்று பிரித்துப் பார்க்கவே ஒரு நொடி ஆனது. கண் திறந்திருந்தது. இமை மயிரில் பொடிப்பொடியாக உப்பு கோத்திருந்தது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். வரவில்லை. குனிந்து தண்ணீருக்குள் தடவினான். வலது கால் கணுக்கால் வரைக்கும் ஒரு கட்டிக்குள் இருந்தது. காலைச் சுற்றி உப்பு வளர்ந்து, பூட்டுப் போட்ட மாதிரி பிடித்திருந்தது.

“கம்பியைப் போடு!”

மேலேயிருந்து பலகை இழுக்கும் கொக்கிக் கம்பி வந்து விழுந்தது. குத்தினான். கட்டி நெடுக்குவாட்டில் பிளந்தது. கண்ணாடி மாதிரி, ஒரு தூசு இல்லாமல், அழகாகப் பிளந்தது.

வரப்பில் கிடத்தியபோது டாக்டர் இளம்பரிதி மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பிளாஸ்மாவில் டாக்டர். இருந்தாலும் மண்டியிட்டு அவள் நெஞ்சை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் நெற்றி வியர்வை கித்தேரியின் கோட்டில் சொட்டியது. கடைசியில் கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, கஸ்பாரைப் பார்க்க முடியாமல் கடலைப் பார்த்தார்.

“போயிட்டாங்க.”

“சரி சார்,” என்றான் கஸ்பார்.

“உங்க கால்… ஐயோ, என்னங்க இது, கால் கிழிஞ்சு தொங்குது!”

கஸ்பார் குனிந்து பார்த்தான். உள்ளங்காலில் ஒரு பிளவு. வெள்ளை வரப்பில் அவன் வந்த வழி முழுக்கச் சிவப்பாக இருந்தது.

“தெரியல சார்.”

அவன் பார்வை அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. வரப்போரம் வரிசையாக நட்டிருந்த முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், தலைகீழாக. ஒரு முளைகூடக் காலியாக இல்லை.

*

கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவிட்டு வாரினால் கல்லுப்பு. அது சோற்றுக்கு. கீழப்பாரைக் கடற்கரையில் ‘வெண்கடல் கிரிஸ்டல்ஸ்’ விளைவித்தது சோற்றுக்கு இல்லை. இருட்டிலும் உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கிற கேமராக்களுக்கு உப்பிலேயே லென்ஸ் வில்லை செய்கிறார்கள். அதற்குக் கண்ணாடிபோல் தெளிந்த பலகை வேண்டும், விரிசல் இல்லாமல், அகலமாக. வெயில் அப்படி உப்புத் தராது.

மின்னல் தந்தது.

இளம்பரிதி வந்த புதிதில், பாத்தி வேலைக்கு ஆள் சேர்த்த அன்றைக்கு, ஊர்ப் பெண்களை உட்காரவைத்து விளக்கம் சொன்னார். “உப்புங்கிறது கூட்டம் மாதிரிங்க. கயிறு கட்டாம விட்டா கண்டபடி நெரிச்சுக்கும். கல்லு கல்லா உருளும். நம்ம மின்னல் கயிறு கட்டி வரிசையில நிறுத்துது. வரிசையில நின்னா பலகை. அவ்வளவுதானுங்க.”

“அப்ப நீங்க உப்புக்குப் போலீஸ்காரரா சார்?” என்று பிலோமி அக்கா கேட்டாள். கூட்டம் சிரித்தது. கித்தேரி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்போதெல்லாம் கீழப்பாரையில் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விதி ஒன்றே ஒன்று. பாத்திக்குள் இறங்கினால் பூட்ஸ். ஏறினால் கழற்றி, தண்ணீர் வடிய, முளையில் கவிழ்த்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு முளை. எல்லா முளையிலும் பூட்ஸ் தொங்கினால் பாத்தி காலி என்று அர்த்தம். சங்கு ஊதி, முளைகளை ஒரு பார்வை பார்த்து, பொத்தானை அமுக்குவது கஸ்பாரின் வேலை. முதலில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். உப்புக் காற்று அதைச் சீக்கிரமே தின்று துப்பிவிட்டது. முளைகள் நின்றன.

அந்த விதியைக் கெடுத்தது புண்.

பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். விரல் இடுக்கில் அறுக்கும். புண்ணில் உப்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருநாள் மின்னல் போட்டு முடித்ததும், கித்தேரி ஆத்திரத்தில் பூட்ஸை முளையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். இறங்கினவள் அப்படியே நின்றாள்.

“ஏட்டி, இங்க வாங்கட்டி! எரிச்சலே இல்ல! கால் எங்கயோ இருக்கு, நான் எங்கயோ இருக்கேன்!”

ஒரு வாரத்துக்குள் எல்லாரும் வெறுங்கால். சோதனைக்கு உப்பு எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கும் கஸ்பாரும்தான். பூட்ஸ்கள் காலையில் முளைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தன, அழகுக்கு. ஆனாலும் சங்கு ஊதினால் எல்லாரும் ஏறிவிடுவார்கள். அதனால் முளைகள் ஊமையாகிவிட்டன என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கஸ்பார் வழக்கம்போல முளைகளைப் பார்த்தான். வழக்கம்போல நிறைந்திருந்தன. வழக்கம்போல அமுக்கினான்.

மரப்பு குதிகாலில் ஆரம்பித்தது. கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. அதற்கு மேல் அது எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. மாதா கோயில் பெருநாளுக்கு வாணம் விட்டபோது, கீழப்பாரையில் ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. சாமியார் மட்டும் தனியாகக் கைதட்டினார்.

*

கித்தேரியை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனது. அவளுடைய அண்ணன் கூடப் போனான். “நீங்க போகலீங்களா?” என்று இளம்பரிதி கேட்டார். “மேனேஜர் இருக்கச் சொன்னாரு சார்,” என்றான் கஸ்பார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஷெட்டில் உட்காரவைத்து, அவன் காலை மடியில் வைத்து, முதலுதவிப் பெட்டி ஊசியால் தைக்க ஆரம்பித்தார். ஊசி ஏறி இறங்கியதை கஸ்பார் வேறு யாருடைய காலையோ தைக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவங்க ஏன் கத்தலீங்க?” இளம்பரிதியின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “கட்டி இடுக்குல காலு மாட்டிருச்சு. சங்கு ஊதுது. மின்னல் வரப்போகுதுன்னு தெரியும். கத்தியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கும்.”

“பயந்தாத்தான சார் கத்தத் தோணும்.”

இளம்பரிதி தையலை நிறுத்தினார்.

“கை மட்டும் தெரிஞ்சுது,” என்றான் கஸ்பார். “பலகை அடுக்குக்கு மேல. பஸ்ஸை நிறுத்துற மாதிரி, மெதுவா. அதைப் பார்த்துத்தான் ஓடினேன்.”

இளம்பரிதி நூலை அறுத்துவிட்டு, துணியைச் சுற்றிக் கட்டுப்போட்டார்.

“நரம்புல ஓடறதும் உப்புத் தண்ணிதானுங்க,” என்றார் இளம்பரிதி. “உப்பு உள்ள போகுது, வெளிய வருது, அதுதான் வலி, அதுதான் சூடு, அதுதான் பயம். அங்க பாத்தியில உப்பைப் பார்த்து வரிசையில நில்லுன்னு சொன்னோம். உடம்புல இருக்கிற உப்பும் கேட்டுக்கிச்சு. மரப்பு ஒருதடவை கால் வழியா ஏறிட்டா, அப்புறம் மின்னல் ஓடற வரைக்கும் இந்த ஈர மண்ணே போதும். வீட்டுல படுத்திருந்தாக்கூட இறங்காது.”

“தெரிஞ்சா செஞ்சீங்க?”

“சந்தேகப்பட்டேன். கம்பெனிக்கு மூணு தடவை எழுதினேன். அப்புறம் எழுதறதை விட்டுட்டேன்.” தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் ஒண்ணும் தோணலைங்க. நானும் இந்த மண்ணுலதான படுக்கறேன்.”

“இறங்கவே இறங்காதா?”

“பாத்தி எல்லாம் நின்னா இறங்கும். கடைசியா எது மரத்துச்சோ அது முதல்ல திரும்பும். முதல்ல நெஞ்சு. ஒரு நாளோ, ரெண்டு நாளோ. கால் கடைசியில.” அவர் நிமிர்ந்து கஸ்பாரை நேராகப் பார்த்தார். “உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியலைங்க.”

கஸ்பாராலும் முடியவில்லை. முயன்று பார்த்தான். பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

மேனேஜர் கோதண்டபாணி உள்ளே வந்தார். இளம்பரிதி எழுந்து போகும்வரைக்கும் காத்திருந்தார்.

“இந்த நேரத்துல உன்கிட்ட இதைப் பேசக்கூடாது கஸ்பார். எனக்கும் மனசு இருக்கு. ஆனா நாளைக்குக் காலையில விசாரணைக்கு ஒரு அம்மா வர்றாங்க. அவங்க உன்கிட்ட கேக்கப்போறது ஒரே கேள்வி. முளை எல்லாம் நிறைஞ்சிருந்துச்சா, காலியா இருந்துச்சா?”

“நிறைஞ்சிருந்துச்சு சார்.”

“யோசி. ஒரு முளை காலியா இருந்திருக்கும். கண் கூசுற வெயில். நீ கவனிச்சிருக்க மாட்ட. மனுஷன்தான? கவனக்குறைவு. வக்கீலை நான் பார்த்துக்கிறேன், உன்னை ஒரு நாள்கூட உள்ள வைக்க விடமாட்டேன்.”

“அப்படிச் சொன்னா என்ன ஆவும்?”

“முறை சரியாத்தான் இருக்கு, ஆள்தான் தவறிட்டான்னு ஆகும். இந்த ஒரு பாத்திக்கு வேலி போடுவாங்க. மத்ததெல்லாம் ஓடும். வெறுங்காலோட இறங்கினாங்க, அதனால முளையை நம்ப முடியாதுன்னு ஆச்சுன்னா, மொத்தத்துக்கும் சீல்.”

“வெறுங்காலோட இறங்கினது உங்களுக்குத் தெரியும்ல சார்?”

கோதண்டபாணி முளைகள் இருந்த பக்கம் திரும்பி, அங்கே அப்போதுதான் முதல் தடவையாக எதையோ பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“எனக்கு எப்படிய்யா தெரியும்?”

தூரத்துப் பாத்தி ஒன்றில் சங்கு ஊதியது. வேறு யாரோ பொத்தானை அமுக்க, தண்ணீர் மேல் ஊதா வெளிச்சம் படர்ந்தது. வேலை நிற்கவில்லை.

*

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவனை முளைகளுக்குப் பக்கத்தில் பிலோமி அக்கா மறித்தாள். கையில் தூக்குவாளி.

“காப்பி. குடிச்சுட்டு நான் சொல்லுததைக் கேளு.”

குடித்தான். கொதிக்கக் கொதிக்க இருந்திருக்க வேண்டும். அவள்தான் ஆவியைப் பார்த்துவிட்டு, “ஏல, ஆத்திக் குடில, நாக்கு வெந்துரும்,” என்று வாங்கி ஆற்றிக் கொடுத்தாள்.

“அழுதியா?”

“இல்லக்கா.”

“நானும் அழல. எம் மடியில கிடந்து வளர்ந்த புள்ள. மூஞ்சிய மூடும்போது பார்த்தேன். ‘ஆமா, செத்துட்டா’ன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.” தூக்குவாளியை மூடினாள். “மேனேஜர் என்ன சொன்னாரு?”

“ஒரு முளை காலியா இருந்துச்சுன்னு சொல்லணுமாம்.”

“சொல்லேன்.”

கஸ்பார் அவளைப் பார்த்தான்.

“என்ன பார்க்க? வேலை போயிருமேன்னு கேக்கேன்னு நினைக்கியா? கருவாடு வித்துப் பிழைச்சவ நான், இன்னும் விப்பேன். போன புயலுக்குப் பாத்தியெல்லாம் மூடிப் போட்டாவள்ல, ஞாபகம் இருக்கா? எனக்குத்தான் அப்பமே நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்துச்சே. ரெண்டாம் நாள் காலையில முழிப்பு வருது. எம் மவன் டெல்வின் கடல்ல போனது, அன்னைக்குக் காலையிலதான் போன மாதிரி வந்து உக்காந்துச்சுல நெஞ்சு மேல. வருசக்கணக்கா ஆறி இருந்தது. புதுசா வந்துச்சு. சேலைய வாயில திணிச்சுக்கிட்டுக் கிடந்தேன். பாத்தி திறந்தன்னைக்கு முத ஆளா ஓடிப்போய்த் தண்ணிக்குள்ள நின்னது யாரு? நான்தான்.”

காற்றில் பூட்ஸ்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன.

“எனக்கு இப்ப அவன் படம் சுவத்துல இருக்கு. பாக்கேன். சட்டை நல்லா இருக்கேன்னு தோணுது. அது போதும் தம்பி. மறுபடியும் அதை என்னால தூக்க முடியாது. உனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். நின்னுச்சுன்னா உனக்கு என்ன வரும்னு தெரியுமா? நீ தாங்கமாட்ட.”

“நம்ம பாத்தியில வேலை பாக்குற செல்சியாவோட பிள்ளையப் பாத்தீங்களாக்கா?” என்றான் கஸ்பார்.

பிலோமி அக்கா தூக்குவாளியின் மூடியை மறுபடி அழுத்தினாள்.

“தொட்டில்ல கிடந்து தொண்டை கிழியக் கத்துது. இவ பக்கத்துல உக்காந்து தலை சீவுதா. பிள்ளை அழுவுதுன்னு நீங்கதான சொன்னீங்க. என்ன சொன்னா?”

“‘கேக்குது யக்கா’ன்னா.”

“எந்திரிச்சாளா?”

“நான்தான் எடுத்தேன்,” என்றாள். “எடுக்கணும்னு தெரியும், அதனால எடுத்தேன்.” பிறகு கோபம் மாதிரி ஏதோ ஒன்றை முகத்தில் வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. “அது வேற, இது வேறல.”

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு போய்த் திரும்பினாள்.

“உன் இஷ்டம். ஆனா நீ உள்ளதைச் சொன்னா, கித்தேரி போனது பத்தாதுன்னு எம் மவனையும் சேத்துச் சாவடிக்க. அதையும் தெரிஞ்சுக்கோ.”

கஸ்பார் வீட்டுக்குப் போனான். காலையில் வடித்த சோறு மூடி வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் சட்டியில் சாளைக் குழம்பு. பசித்தது. போட்டுச் சாப்பிட்டான். புளி கொஞ்சம் தூக்கல், உப்பு சரியாக இருந்தது. சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கழுவிக் கவிழ்த்தான். கவிழ்த்த சட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் கழுவியிருக்கக் கூடாதோ என்று ஒரு எண்ணம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. படுத்தான். தூங்கியும் விட்டான்.

*

விசாரணைக்கு வந்தவர் செண்பகவல்லி. நரைத்த கொண்டை, கையில் குடை, குரலில் வளவளப்பு கிடையாது. ஷெட்டில் மேனேஜர் போட்டுவைத்த குஷன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் கோதண்டபாணி, ஒரு பக்கம் இளம்பரிதி. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். பிலோமி அக்கா முன்னால் நின்றாள்.

“நீங்கதான் பொத்தானை அமுக்கினீங்க.”

“ஆமா மேடம்.”

“சங்கு ஊதினீங்களா?”

“ஊதினேன்.”

“முளைகளைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“என்ன பார்த்தீங்க?”

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். ஜன்னல் கம்பியில் பிலோமி அக்காவின் விரல்கள் இறுகின. கஸ்பார் அந்த விரல்களைப் பார்த்தான். டெல்வினை அவனுக்குத் தெரியும். ஒன்றாக வலை இழுத்திருக்கிறார்கள். நல்ல பையன். ஒரு வார்த்தை சொன்னால் அவன் சுவரில் படமாகவே இருப்பான். இன்னொரு வார்த்தை சொன்னால் நாளையோ மறுநாளோ விடியும்போது மறுபடி கடலில் போவான்.

இரண்டு வார்த்தையும் நாக்கில் ஒரே கனமாக இருந்தன. அதுதான் அவனுக்கு விளங்கியது. ஒரே கனமாக இருக்கக் கூடாது.

“எல்லா முளையிலயும் பூட்ஸ் இருந்துச்சு மேடம்.”

“கஸ்பார், நல்லா யோசிச்சு…” என்றார் மேனேஜர்.

“நீங்க சும்மா இருங்க சார்,” என்றார் செண்பகவல்லி, தலையைத் திருப்பாமலே. “எல்லா முளையிலயும் பூட்ஸ் இருந்தா பாத்தி காலின்னு அர்த்தம். பாத்தி காலியா இல்ல. எப்படி?”

“யாரும் பூட்ஸ் போட்டு இறங்குறதில்ல மேடம். நானும்தான். வெறுங்காலு. இறங்கினா மரத்துப் போவும், புண்ணு தெரியாது. அப்படியே மேல ஏறும்.” கட்டுப்போட்ட காலை நீட்டினான். “நேத்துப் பிளந்தது. இன்னும் வலிக்கல. எல்லாருக்கும் இப்படித்தான். சாருக்குத் தெரியும். ரெண்டு சாருக்கும் தெரியும்.”

இளம்பரிதி எழுந்து நின்றார். “உண்மைங்க மேடம். நான் எழுதிக் கொடுக்கறேன்.” சொல்லிவிட்டு, பாரம் இறங்குமா என்று காத்திருப்பவர் மாதிரி நின்றார். இறங்கின மாதிரி தெரியவில்லை.

செண்பகவல்லி பேனாவை எடுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

“ஒரு சந்தேகம். உங்க மேனேஜர் மேலே போவார், வக்கீல் வைப்பார், நீங்க தப்பிக்கிறதுக்காகக் கதை கட்டுறீங்கன்னு சொல்வார். இறந்து போனவங்க பூட்ஸ் முளையில இருந்துச்சுன்னு நீங்க உறுதியாச் சொல்லணும். பொத்தான் இருக்கிற இடத்துல நானே நின்னு பார்த்துட்டுத்தான் வர்றேன். நல்ல தூரம். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. அது கித்தேரியோடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இடது பூட்ஸுல சிவப்பா ஒட்டு இருக்கும் மேடம். சைக்கிள் டியூப்பு. எப்பவும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். அது முளையில தொங்குதான்னு பார்த்துட்டுத்தான் மத்ததைப் பார்ப்பேன். நேத்தும் பார்த்தேன். தொங்குச்சு. சரின்னு அமுக்கினேன்.”

“அவ்வளவு தூரத்துல இருந்து ஒரு சின்ன ஒட்டு தெரியுமா?”

“பெரிய ஒட்டுதான் மேடம். தூரத்துல இருந்து தெரியணும்னுதான் பெருசாப் போட்டேன்.”

“நீங்க போட்டீங்களா?” செண்பகவல்லியின் புருவம் ஏறியது. “அவங்க பூட்ஸுக்கு நீங்க ஏன் ஒட்டுப் போடணும்?”

மேனேஜர் தரையைப் பார்த்தார். இளம்பரிதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலில் இருந்த விரல்கள் கம்பியை விட்டுவிட்டன.

“எம் பொண்டாட்டி மேடம்,” என்றான் கஸ்பார். முளைகளைப் பற்றிச் சொன்ன அதே குரல். “நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். பாத்திய எல்லாம் இப்பவே நிறுத்திட்டீங்கன்னா, ஒருவேளை அதுக்குள்ள எனக்கு அழுகை வந்துரும்.”